முறுக்கு வராத தீபாவளி

வடக்கே வந்து படிக்கும் நம்மவர்க்குத் தீபாவளி என்பது பார்சலில் வரும் பண்டிகை. விடுதி வாயிலில் பெட்டி வந்து இறங்கும் நாள்தான் நமக்கு நரகசதுர்த்தசி. நான் காசிக்கு வந்து சேர்ந்த 2023-ஆம் ஆண்டில் கும்பகோணத்திலிருந்து வந்த பெட்டியில் முறுக்கு இருந்தது, ஓமப்பொடி இருந்தது, தட்டையும் இருந்தது. 2024-இல் வந்த பெட்டியில் தட்டை மட்டுமே இருந்தது. மேலே, கடையில் வாங்கிய லட்டு ஒரு டப்பா. "முறுக்கு எங்கே அம்மா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "மாவு சரியாக வரவில்லையடா" என்றாள். அறை நண்பர்கள் தட்டையை ஒரே இரவில் தீர்த்துவிட்டார்கள். நானும் அந்தப் பேச்சை அத்தோடு மறந்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அதை நினைவுக்குக் கொண்டு வந்தது ஓர் ஆராய்ச்சிக் கருவி. கருவி என்றால் நண்பர்கள் பயப்பட வேண்டாம். சூத்திரம் ஒன்றும் எழுதப்போவதில்லை.

எம்.எஸ்ஸி. இறுதிப் பருவத்தில் எனக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பொருள், கைவிரல் மூட்டுகளில் வரும் வாத நோயைத் தசைகளின் மின்துடிப்பைக் கொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா என்பது. பெயர் பெரிது, அதில் என் பங்கு சிறிது. நோயாளிகளிடம் நான் போகவில்லை. நோயில்லாதவர்களின் கைகளை அளந்து, சாதாரணமான கை எப்படி இயங்குகிறது என்று ஒரு பதிவுத் தொகுதி தயாரிப்பதே எனக்கு இட்ட வேலை. பின்னால் நோயாளிகளை அளப்பவர்களுக்கு அது ஒப்புநோக்க உதவும்.

தசை சுருங்கும்போது மின்சாரம் எழுகிறது என்பது புதிய செய்தியன்று. இத்தாலி நாட்டுக் கால்வானி தவளைக் கால்களை வைத்துச் செய்த சோதனைகளை 1791-இல் வெளியிட்டார். மனிதன் தானே விரும்பிக் கையை இறுக்கும்போது எழும் மின்னோட்டத்தை 1849-இல் ஜெர்மானியரான டுபுவா-ரேமோன் காட்டினார். தோல் மின்சாரத்தைத் தடுக்கிறதென்று கண்டு, தம் கைகளில் கொப்புளம் எழுப்பித் தோலை உரித்துவிட்டு அளந்தாராம்! இன்று அந்தக் கஷ்டம் இல்லை. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தோலைத் துடைத்து, வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் பூசிய இரண்டு வட்டங்களை இருபது மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டினால் போதும். நம் பெண்கள் நெற்றியில் ஒட்டும் பொட்டைவிடச் சற்றுப் பெரியவை அவை. அவற்றிடையே கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெருக்கித் திரையில் காட்டுவது கருவியின் வேலை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தசையின் துடிப்பில் பயனுள்ள பகுதி வினாடிக்கு 500 அலைவுகளுக்கு உட்பட்டது. அதிலும் வலுவான பகுதி 50-க்கும் 150-க்கும் இடையே. நம் நாட்டில் சுவரில் வரும் மின்சாரமோ வினாடிக்கு 50 முறை அலைவது. ஆகவே மேலே சுழலும் விசிறியும் குழல் விளக்கும் தசையின் பேச்சுக்கு நடுவே புகுந்து பாடத் தொடங்கிவிடும். விசிறியை நிறுத்தினால் வியர்க்கும். வியர்த்தால் ஒட்டிய வட்டம் நழுவும். காசியின் வெயிலில் இந்த இரண்டுக்கும் இடையே அகப்பட்டு நான் பட்ட பாடு என் ஆய்வேட்டில் இடம்பெறாது.

இப்போது நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இடக்கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இறுகப் பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். பிடித்த இடத்தில் சதை நெளிவது தெரிகிறதல்லவா? விரல்களுக்குள் தசையே கிடையாது. பெரும்பாலும் முன்கையிலிருந்து நீண்ட நரம்புக் கயிறு போன்ற தசைநாண்கள்தாம் அவற்றை இழுக்கின்றன. கட்டைவிரலுக்கு உள்ளங்கையில் தனியாக ஒரு மேடு உண்டு. அது அதற்கே உரிய தசை. விரல் மூட்டில் கோளாறு என்றால் முன்கையை அளப்பானேன் என்ற கேள்விக்கு இதுவே விடை.

கை மூட்டு நோய்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, உடலின் தற்காப்புப் படையே தன் மூட்டுகளின் மேல் பாயும் முடக்குவாதம். மற்றொன்று, மூட்டின் முனையிலுள்ள குருத்தெலும்பு நலிந்துபோகும் மூட்டுவாதம். இதைத் தேய்மானம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழுதும் சரியன்று. எலும்பும் மூட்டின் உறையும் சுற்றியுள்ள தசையும் எல்லாம் அதில் பங்கு கொள்கின்றன. நடுவயதைக் கடந்த பெண்களுக்கு இது மிகுதி. இதை எக்ஸ்-ரே படத்தில் அளவிட, கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இருவர் 1957-இல் வகுத்த படிநிலைகள் இன்றும் வழக்கிலுள்ளன. ஆனால் எக்ஸ்-ரே காட்டுவது எலும்பு மாறிய பிறகு. அதற்கு முன்பே கை தன் போக்கை மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கும்.

ஏன் அப்படி? ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்திச் சற்றே வீங்க வைத்தால், வலியே இல்லாதபோதும் தொடைத் தசையின் துடிப்பு குறைகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. மூட்டு தண்டுவடத்துக்கு ஏதோ சொல்கிறது. தண்டுவடம் தசையை அடக்குகிறது. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கையிலும் இதுபோல் ஏதேனும் நடந்தால் அதைத் துடிப்பில் பிடித்துவிடலாமே என்பதுதான் எங்கள் ஆசை. ஸ்பெயின் நாட்டில் ஒரு குழுவினர் கை மூட்டுவாதமுள்ள பெண்களை அன்றாட வேலைகள் செய்யச் சொல்லி, அவர்கள் முன்கையின் துடிப்பை அளந்திருக்கிறார்கள். நாங்கள் நடந்தது அவர்கள் போட்ட பாதையில்தான்.

இது நிற்க. எனக்கு அகப்பட்ட நோயில்லாத கைகள் எல்லாம் விடுதி மாணவர்களின் கைகள். இருபது வயதுக் கையை அளந்து வைத்து ஐம்பது வயதுக் கையோடு ஒப்பிட்டால் அது ஆராய்ச்சியாகுமா? "நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட பெண்கள் வேண்டும்" என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான், 2025 மார்ச்சில், பிரயாகையின் கும்பமேளாக் கூட்டம் தணிந்த பிறகு, அம்மாவும் அப்பாவும் காசிக்கு வந்தார்கள். மகன் காசியில் இருக்கும்போதே கங்கையில் முழுகிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. கைவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேறென்ன வேண்டும்? அழைத்துக்கொண்டு போனேன்.

முதலில் ஒப்புதல் படிவம். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்ததால் நான் தமிழில் படித்துச் சொன்னேன். அளவீட்டில் ஏதேனும் மாறுபாடு தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிப்போம் என்று அதில் ஒரு வரி உண்டு. அதை எல்லோருக்கும் படிப்பதுபோல் வேகமாகப் படித்தேன். அம்மா பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே சொருகிக்கொண்டு கையெழுத்திட்டாள். வேடிக்கையாக இருந்தது. அப்போது அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

நான்கு இடங்களில் வட்டங்களை ஒட்டினேன்: முன்கையின் மேற்புறம், உட்புறம், கட்டைவிரல் மேடு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையேயுள்ள சதை. "இத்தனை பொட்டு எதற்கடா? நெற்றிக்கு ஒன்று போதாதா?" என்றாள். பிறகு பிடிமானியைக் கையில் கொடுத்து, "முழு பலத்தோடு அழுத்து" என்றேன். இது அவசியமான படி. ஒவ்வொருவர் தோலும் கொழுப்பும் வேறு வேறாதலால், மில்லிவோல்ட் கணக்கை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒருவர் முழு பலம் காட்டும்போது எழும் துடிப்பை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளில் அதில் எத்தனை பங்கு செலவாகிறது என்று பார்க்க வேண்டும். அம்மா ஏதோ பூவைத் தொடுவதுபோல் அழுத்தினாள். "இன்னும்" என்றேன். "உடைந்துவிட்டால் யார் பணம் கொடுப்பது?" என்றாள். ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு அதை இந்தியில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நூறு என்று நாம் வைத்தது உண்மையில் அறுபதாக இருந்தால், பின்னால் வரும் கணக்கெல்லாம் உயர்ந்துதான் தெரியும். மூன்று முறை அழுத்தச் சொன்னேன். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே அளவு.

அடுத்து வேலைகள். ஸ்வீடன் நாட்டுக் கை மருத்துவர் சொல்லர்மன் இருபது வேலைகள் கொண்ட ஒரு சோதனையை வகுத்திருக்கிறார். சாவி திருப்புவது, பணப்பையிலிருந்து காசு எடுப்பது, பொத்தான் போடுவது, ஜாடியின் மூடியைத் திருகித் திறப்பது, தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாம் வீட்டு வேலைகள். அதில் சிலவற்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அம்மா மளமளவென்று முடித்தாள். என் விடுதி நண்பர்களைவிட வேகம். கையில் நேரமானியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

ஜாடி மூடியைத் திறக்கும்போது மட்டும் திரையில் மூன்றாவது கோடு அசையவில்லை. கட்டைவிரல் மேட்டின் கோடு அது. மற்ற மூன்றும் கொதித்துக்கொண்டிருக்க, அது கோடை காலத்துக் காவிரி போலக் கிடந்தது. வியர்வையில் வட்டம் நழுவிவிட்டது என்று முடிவு செய்தேன். துடைத்துப் புதிதாக ஒட்டினேன். மறுபடி அதே கதை. கம்பியை மாற்றினேன், அப்போதும் அதேதான். சலிப்போடு, அந்தப் பதிவுக்கு எதிரே "மின்வாய்ப் பழுது" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. "வீட்டில் மூடியை எப்படித் திறப்பார் என்று கேள்" என்றார். கேட்டேன். அம்மா ஜாடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மூடியின் மேல் உள்ளங்கையின் அடியை அழுத்தி, கட்டைவிரலைத் தூக்கி விலக்கி வைத்துக்கொண்டு, தோளிலிருந்து முழுக் கையையும் திருப்பிக் காட்டினாள். "இப்படித்தான்." சற்றுமுன் என் கண் எதிரே திறந்ததும் இப்படித்தான்! நான் நேரத்தைப் பார்த்தேனே தவிரக் கையைப் பார்க்கவில்லை. சொல்லர்மன் சோதனையில் மதிப்பெண் நேரத்துக்கு மட்டுமன்று, எந்தப் பிடியில் செய்தார் என்பதற்கும் உண்டு. அதைப் புத்தகத்தில் படித்து அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

"எப்போதிலிருந்து இப்படி?" என்று கேள், என்றார் பேராசிரியர்.

"எப்போதும் இப்படித்தான்" என்றாள் அம்மா.

அதை நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் அவளை வணங்கிவிட்டு, என்னிடம், "கருவி பழுது என்று எழுதியதை அடித்துவிடு" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அன்று மாலை அனுமான் கட்டத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்பா சத்திரத்துக்குப் போய்விட்டார். நான் அவளுடைய வலக்கையை எடுத்து, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய மூட்டை மெல்ல அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாக அம்மா?"

"வலியெல்லாம் இல்லையடா. காலையில் கொஞ்சம் விறைப்பு. துணி பிழியும்போது சுரீரென்னும். இரண்டு வருஷம் இருக்கும். கை வலிக்காத பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள்?"

சற்று நேரம் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளே சொன்னாள்: "மாவு நன்றாகத்தான் வந்தது. அச்சைத்தான் அழுத்த முடியவில்லை."

எங்கள் வீட்டு அச்சு பாட்டி காலத்துப் பித்தளை அச்சு. இரு கைகளாலும் அழுத்த வேண்டியது. விரல் நுனிகளால் ஒரு கிலோ அளவு விசையோடு எதையாவது கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ விழுகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான கூனியும் சாவோவும் 1977-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தட்டையை ஈரத்துணியில் விரலால் தட்டினால் போதும். முறுக்குக்கு அழுத்த வேண்டும். பெட்டியில் எது வந்தது, எது வரவில்லை என்பதிலேயே எல்லாம் இருந்தது. நான்தான் லட்டைக் கடித்துக்கொண்டு கேட்டதோடு விட்டுவிட்டேன்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தெரிந்து என்ன ஆகப்போகிறது?"

இந்தக் கேள்விக்கு நான் அன்று சரியான விடை சொல்லவில்லை. சொல்ல முடியாததும் ஒரு காரணம். முடக்குவாதமாக இருந்தால் விடை எளிது. தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைத் தொடங்கினால் மூட்டு அழிவதைப் பெரிதும் தடுக்கலாம். தாமதித்தால் போனது போனதுதான். ஆனால் இரண்டாவது வகை மூட்டுவாதத்துக்கு, நலிந்த குருத்தெலும்பை மீட்டுத் தரும் மருந்து இன்றுவரை கிடையாது. அப்படியிருக்க முன்கூட்டி அறிவதால் பயன் என்ன? நான் சொன்னது இவ்வளவுதான்: "இரண்டில் எது என்றாவது தெரிய வேண்டாமா அம்மா?" அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் போனதும் அப்பாவோடு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தாராம். இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதத்தின் அறிகுறி இல்லை. எக்ஸ்-ரேயில் அடிமூட்டில் சிறு மாறுதல். அதுவும் தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்றாராம். மூட்டுவாதத்தின் தொடக்கம். கட்டைவிரலை அணைத்துப் பிடிக்கும் ஒரு பட்டை, தடவ ஒரு களிம்பு, தினமும் செய்யச் சில பயிற்சிகள், அழுத்திக் கிள்ளும் வேலைகளைக் குறைக்கும்படி ஓர் எச்சரிக்கை. "இதற்கா இவ்வளவு கலாட்டா?" என்று தொலைபேசியில் கேட்டாள். பட்டை போட்டுக்கொள்கிறாயா என்றேன். "பாத்திரம் தேய்க்கும்போது நனைந்துவிடுகிறது" என்றாள். அடுத்த வாரம் அப்பாவிடம் கேட்டேன். பாத்திரம் இப்போது அவர் தேய்க்கிறாராம். இதை அவர் சொன்ன குரலில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை.

நண்பர்களில் சிலர், "உன் கருவி அம்மாவின் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாமே!" என்கிறார்கள். அப்படியன்று என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். கட்டைவிரல் மேடு ஒரு வேலையில் அமைதியாக இருந்தது. அவ்வளவுதான் கருவி காட்டியது. சிறு வயது முதலே அப்படி மூடி திறப்பவர்களும் இருக்கலாம். அவர்கள் கை நோய்க்கை ஆகிவிடுமா? நாற்பத்தொன்பது வயதில் எடுத்த ஒரே ஒரு பதிவு, கை மாறியிருக்கிறது என்று சொல்லாது. அதற்கு நாற்பத்தைந்து வயதில் எடுத்த பதிவு வேண்டும். அம்மாவின் விஷயத்தில் அந்தப் பழைய பதிவு, 2023-ஆம் ஆண்டின் பெட்டியில் வந்து, எங்கள் அறையில் இரண்டு நாளில் தின்று தீர்க்கப்பட்டது.

அவளுடைய பதிவை என்ன செய்வது என்பதும் ஒரு பிரச்சினையாயிற்று. நோயில்லாதவர்கள் பட்டியலில் அது இருக்கக் கூடாது. நோயாளிகள் பட்டியல் என் ஆய்வில் இல்லை. எடுத்துவிட்டேன். எடுத்ததும், ஏற்கெனவே அளந்த வேறு இரண்டு மூன்று பெண்களின் பதிவுகளைப் பற்றியும் சந்தேகம் வந்துவிட்டது. "வலி உண்டா?" என்று மட்டுமே அவர்களைக் கேட்டிருந்தேன், எல்லோரும் "இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். மறுபடி போய், மூடியை எப்படித் திறக்கிறீர்கள், துணியை எப்படிப் பிழிகிறீர்கள், போன ஆண்டு செய்து இந்த ஆண்டு விட்டுவிட்ட வேலை எது என்று கேட்டேன். பேராசிரியர் இந்த மூன்று கேள்விகளையும் படிவத்திலேயே சேர்த்துவிட்டார்.

அம்மா கார்த்திகையில் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்போது இரண்டாம் முறை அளக்க வேண்டும். முன்பு ஒட்டிய அதே இடத்தில் ஒட்டாவிட்டால் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட முடியாது. அதற்காக, அன்றே வட்டங்களைப் பிரிக்குமுன், ஒளிபுகும் தாள் ஒன்றை அவள் முன்கையின் மேல் வைத்து, மச்சங்களையும் தழும்புகளையும் மையால் குறித்து, வட்டங்களின் இடத்தையும் வரைந்து வைத்தேன். இரண்டு மச்சம், மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு. "இது என்ன அம்மா?" என்று கேட்டதற்கு, "முறுக்கு எண்ணெய் தெறித்தது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு" என்றாள். தாளில் அந்தத் தழும்புக்கு எதிரே "எ" என்று எழுதியிருக்கிறேன். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், தேதி போட்ட உறையில் அது இருக்கிறது.